ரோதமுனி மேல் சத்தியம் செய்த வாத்துக்காரன்

சுதாகரன் என்று கேட்டால் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. டயகமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "வாத்துக்காரன் வீடு எது?" என்று கேளுங்கள், இடுப்புப் பிள்ளை கூடக் கை நீட்டிக் காட்டும். அவன் வீட்டில் வாத்து கிடையாது. அந்தக் குடும்பத்தில் கோழி வளர்த்தே உருப்பட்டவர்கள் இல்லை, வாத்துக்கு எங்கே போவது? அவனுடைய கம்பியூட்டர் பெட்டியில் ஒரு பறவைப் படம் ஒட்டியிருப்பான். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, மஞ்சள் மூக்கு. "அது பென்குயின், பெரியம்மா. பனிக்கட்டி மேல வாழுற பறவை" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். பட்டிப்பொலைப் பக்கம் புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கிற மாதத்தில் கூட அப்படி ஒரு பறவையை நாங்கள் பார்த்ததில்லை. மஞ்சள் மூக்கு, தட்டைக் கால். வாத்து என்று பேர் வைத்தோம், நின்றுவிட்டது.

அவன் எனக்குத் தூரத்து ஆள் இல்லை. என் சின்னம்மாவை டயகமத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் மகள் வயிற்றில் பிறந்தவர்கள் ரெண்டு பேர். மூத்தவள் அழகம்மா, இளையவன் இவன். அழகம்மாவைக் கட்டியவன் மாயாண்டி, தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோல் மெசினில் வேலை. மாயாண்டியின் அம்மா அம்மாக்கண்ணு எனக்கு நாத்தனார் முறை. எந்த வழியில் என்று சொல்லப் போனால் பழைய சண்டை கிளம்பும், விடுவோம்.

பிடிவாதம் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. வேறு சொத்து இல்லாததால் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவன் தாத்தா ஒருமுறை நானுஓயா ஸ்டேஷனில் வேன்காரனோடு கோபித்துக்கொண்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்து டயகமம் வரை நடந்தே வந்து சேர்ந்தார். வந்ததும் படுத்தவர் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. ஆனால் வேன்காரனிடம் தோற்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாத்தாவின் மூக்கும் இவனுக்கு இருக்கிறது, மூளையும் இருக்கிறது.

படித்து முடித்ததும் சுதாகரன் அட்டனில் பொன்னையாவின் கொமினிகேஷனில் வேலைக்குப் போனான். டெலிபோன் பேசுவது, போட்டோகாப்பி அடிப்பது, கல்யாணப் படம் கழுவுவது எல்லாம் அங்கே நடக்கும். அந்தக் கடைக் கம்பியூட்டரை ஓட்டியது விண்டோஸ். எங்கள் ஊரில் எல்லாரும் வைத்திருந்த மாதிரி, யாரோ எவனிடமோ திருடி, அவனிடம் பொன்னையா திருடிய விண்டோஸ். அதில் வைரஸ் புகுந்து, தொழிற்சங்கத் தலைவர் மகளின் கல்யாணப் படம் முழுவதையும் தின்றுவிட்டது. தாலி கட்டுகிற படம் கூட மிஞ்சவில்லை. தலைவர் வந்து கத்தினதும் பொன்னையா சுதாகரன் பக்கம் விரலை நீட்டினான்.

"இந்தப் பயதாங்க அழிச்சிட்டான். நான் சொல்லச் சொல்லக் கேக்காம நோண்டிக்கிட்டே இருந்தாங்க."

சுதாகரன் பஸ் ஏறி வந்தான். வீட்டுக்கு வரவில்லை. நேரே ஃபெக்டரிக்குப் பின்னால் ரோதமுனி கல்லுக்குப் போனான். ரோதமுனி எங்கள் மெசின்களுக்குக் காவல் சாமி. மெசினில் கை போகாமல் இருக்க வருஷா வருஷம் அவருக்குச் சேவல் கொடுப்போம், சுருட்டும் வைப்போம். கம்பியூட்டரும் மெசின்தானே, அது ரோதமுனியின் எல்லைக்குள் வரும் என்று இவனே தீர்மானித்துக்கொண்டு, சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் அணைத்தான்.

"திருட்டு விண்டோஸ இனிமே இந்தக் கையால தொட மாட்டேன். இது சத்தியம்."

பூசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கள்ளுக்கும் சூதுக்கும் சத்தியம் வாங்கியிருக்கிறார், இது என்ன வகை என்று அவருக்கு விளங்கவில்லை. "சரி, சாமி கேட்டுக்கிட்டாரு, போ" என்று திருநீறு பூசி அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் லினக்ஸ் வந்தது. அதுவும் விண்டோஸ் மாதிரி கம்பியூட்டரை ஓட்டுகிற சாமான்தான். உலகத்தில் பல பேர் சேர்ந்து செய்து சும்மா கொடுக்கிறார்களாம். கேட்டு எழுதினால் சிடி தபாலில் வரும். எங்கள் தபால் வீட்டுக்கு வந்து சேருவதே அபூர்வம், அது எப்படியோ வந்து சேர்ந்தது. அதை ஒரு பழைய பெட்டியில் ஏற்றி, அக்கரப்பத்தனைக் கடைத் தெருவில் சின்னக் கடை போட்டு உட்கார்ந்தான்.

திருடாத கடை என்று பேர். கூட்டமும் எட்டிப் பார்க்காமலே போனது. ஊரில் இருக்கிற பிரிண்டர், ஸ்கேனர், கேமரா எல்லாவற்றையும் விண்டோஸுக்கென்றே செய்து அனுப்பியிருந்தார்கள். ஒருத்தர் மரண அறிவித்தல் அடிக்க வந்தால், இவன் பிரிண்டரைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் செத்தவருக்கு எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவே முடிந்துவிடும்.

இதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வைன் என்று ஒரு சாமான். பேரைக் கேட்டதும் மாயாண்டிதான் முதல் ஆளாக வந்தான்.

"மச்சான், வைன் இருக்குன்னு சொல்றியே, ஒரு நாளாவது ஊத்துனியா?"

"குடிக்கிற வைன் இல்ல மச்சான். இது வேற."

அது என்ன வேறே என்று அவன் சொன்னது ஒருத்தருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நான் காலம் முழுக்கப் பெரட்டில் நின்றவள். காலைப் பெரட்டில் கண்டாக்கையா வேலையாட்கள் பேர் கூப்பிடுவார். ஆள் வந்திருக்காது. பின்னால் நிற்கிறவள் குரலை மாற்றி "இருக்கேங்க" என்பாள். கண்டாக்கும் கோடு போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். வைன் செய்வதும் அந்த வேலைதான். விண்டோஸுக்காகச் செய்த சாமான் "விண்டோஸ் இருக்கா?" என்று கேட்கும்போது, இது பின்னால் நின்று "இருக்கேங்க" என்று குரல் கொடுக்கும். அதுவும் நம்பி வேலையைத் தொடங்கிவிடும். கண்டாக்கு நிமிர்ந்து பார்த்து, "எங்க, முன்னால வா" என்றால்தான் வில்லங்கம். அந்த வில்லங்கம் இவனுக்குத் தினமும் வந்தது.

இப்படி இருக்கும்போது சர்மிளா பெரியவளானாள்.

சர்மிளா அழகம்மாவின் ஒரே மகள். அவள் தவழ்ந்துகொண்டிருந்த வயதில் அழகம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தன் பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற புள்ளக்காம்பராவில் ஆயா வேலை பார்த்த மாமியார் அம்மாக்கண்ணு கையில் கொடுத்துவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைக்குப் பால் காய்ச்சப் போனவள். ரெண்டு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். ரெண்டு வருஷம் என்று போனவர்கள் ரெண்டு வருஷத்தில் வந்த கதை எங்கள் லயத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. சடங்குக்கு லீவு கேட்டாள். எசமானி, "நீ போனா என் புள்ளைய யாரு பாக்குறது?" என்றாளாம். கேட்டீர்களா நியாயத்தை?

அழகம்மா போனில் தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வர முடியாதுடா. புள்ள மாலை போட்டு ஒக்காந்திருக்கிறத ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போதும். வெள்ளிக்கிழமை இவங்க எல்லாம் பள்ளிவாசலுக்குப் போயிட்டு விருந்துக்குப் போவாங்க. அந்த நேரம் டிரைவர் அவரு கம்பியூட்டரத் தாரேன்னு சொல்லியிருக்காரு. அத விட்டா எனக்கு நேரம் கிடையாது."

"அக்கா, நான் தாய்மாமன். நான் காட்டுறேன்."

மாயாண்டிக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. "பொன்னையாண்ணே கடைக்குப் புள்ளைய கூட்டிட்டுப் போனா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றான்.

"சடங்குப் புள்ளைய அட்டன் கடைத் தெருவுல கொண்டு போய் ஒக்கார வைக்கிறதா? மானம் ரோசம் இருக்கா மச்சான்?"

"மானம் இருக்கு. ஒங்கிட்ட விண்டோஸுதான் இல்ல."

அம்மாக்கண்ணு அடுப்படியில் இருந்தே குரல் கொடுத்தாள். "மத்த மாமனுங்க பட்டுச் சேலையும் பழத்தட்டும் கொண்டு வருவானுங்க. நம்ம மாமன் சீருல வாத்து வைக்கப் போறான்!"

வடக்கில் யுத்தம் முடிந்த வருஷம் அது. ஊருக்கு டொங்கல் புதிதாக வந்திருந்தது, வெற்றிலைப் பாக்குப் பொட்டலம் அளவுக்கு ஒரு சாமான், சொருகினால் இன்டர்நெட் வரும். எங்கள் தோட்டத்தில் அதற்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம் புள்ளக்காம்பராதான். இடமும் பெரிது என்று சடங்கை அங்கேயே வைத்தோம். அட்டன் மணிக்கூண்டுப் பக்கத்துக் கடையில் பேர் தெரியாத சீனாக் கேமரா ஒன்றை வாங்கி வந்தான் சுதாகரன். அதோடு கொடுத்த சிடி விண்டோஸுக்கு மட்டும் என்பதால், தொடக்கூடாது என்று அதைத் தோட்டத்துப் பீன்ஸ் கொடியில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்டான்.

குவைத்தில் கேமராவும் இல்லை, இவன் வைன் வழியாகப் போட்ட சாமானில் சத்தமும் போகாது. படம் மட்டும்தான் போகும். அதனால் பேசி வைத்துக்கொண்டார்கள். படம் தெரிந்தால் அழகம்மா ஒரு மிஸ்கோல் கொடுப்பாள். தெரியாவிட்டால் விட்டுவிட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிச் சேலை கட்டி மனையில் உட்கார வைத்தோம். வெளியே தப்பு முழங்கியது. சுதாகரன் பெட்டிக்கு முன்னால் குனிந்து எதையோ தட்டினான். "வருது, வருது" என்றான். வந்தது. நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

பிள்ளை தலைகீழாகத் தொங்கினாள். மனை மேலே இருந்தது, பூவும் சடையும் கீழே இருந்தன.

"ஐயோ, என் பேத்திய வௌவால் மாதிரித் தொங்கவிட்டுட்டானே!" என்று அம்மாக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டாள். "சடங்கன்னைக்குத் தலைகீழாக் காட்டுனா வாழ்க்கையே தலைகீழாப் போயிருமேடா!"

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல. கேமராவோட பேசுறதுக்கு நடுவுல ஒரு சாமான் போட்டிருக்கேன். அது கொஞ்சம் மாத்திப் புரிஞ்சுக்கிருச்சு."

அந்த நேரம் மாயாண்டியின் சட்டைப் பையில் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

"பாத்தீங்களா! அக்காவுக்குத் தெரியுது!"

"தலைகீழாத் தெரியுதுன்னு அடிச்சிருப்பா!" என்றான் மாயாண்டி. அத்தோடு நிற்காமல் வாசல் பக்கம் திரும்பி, "பொன்னையாண்ணே, ஒங்க பெட்டியக் கொண்டாங்க" என்று கூப்பிட்டான்.

சடங்குக்குப் படம் எடுக்கப் பொன்னையாவைத்தான் பிடித்திருந்தார்கள். அவன் மடிக் கம்பியூட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருந்தான். இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"தம்பி, சத்தியமெல்லாம் வச்சிருக்கிறதாக் கேள்விப்பட்டேன். நீங்க தள்ளி நில்லுங்க, தீட்டுப் பட்டுரும்."

சுதாகரன் முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது. கேமரா வயரைக் கையில் பிடித்தபடி நின்றான். தப்புக்காரர்களும் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அங்கே குவைத்தில் விருந்து முடிந்து எசமானி வீடு திரும்பிவிட்டால் எல்லாம் போச்சு. பரம்பரைச் சொத்தையும் மீறி அவனுக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அக்கா புள்ளையப் பாக்கணும்" என்று சொல்லி, வயரைக் கழற்றித் தன் கையாலேயே பொன்னையாவின் பெட்டியில் சொருகினான். அவனைக் கேலி பண்ணியே வயதானவள் நான். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கேலி வரவில்லை.

பொன்னையாவின் பெட்டி யோசித்தது. யோசித்துவிட்டு, கேமராவோடு வந்த சிடியைப் போடு என்று கேட்டது.

"சிடி எங்க தம்பி?"

"பீன்ஸ் கொடியில."

மாயாண்டி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான். மழையிலும் வெயிலிலும் கிடந்து குருவி எச்சம் காய்ந்த சிடியைக் கொண்டு வந்து, வேட்டி நுனியில் துடைத்துக் கொடுத்தான். பெட்டி அதை வாங்கி, கரகரவென்று அரைத்து, வேண்டாம் என்று துப்பிவிட்டது. பொன்னையா இங்கே தட்டினான், அங்கே தட்டினான். திரை கறுத்து, நீ வைத்திருக்கிறது திருட்டு விண்டோஸ் என்று எழுத்து விழுந்தது. இங்கிலீஷ்தான். ஆனால் அங்கே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சும்மா இருக்குமா, சத்தமாக வாசித்துத் தமிழிலும் சொல்லிவிட்டன. பொன்னையா பெட்டியை மூடி, படம் எடுக்க லைட் சரியில்லை என்று வெளியே போனான்.

சுதாகரன் மறுபடி வயரைத் தன் பெட்டியில் சொருகினான். மறுபடி பிள்ளை தலைகீழ். மறுபடி ஒரு மிஸ்கோல். அதோடு விட்டிருக்கலாம். தாத்தாவின் பேரன் விடுவானா?

"கேமராவையே கவுத்துட்டாப் படம் நேரா வந்துரும்" என்றான். சாய்த்து வைத்தால் நிற்கவில்லை. அண்ணாந்து பார்த்தான். புள்ளக்காம்பரா உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில் கொக்கிகள் இருக்கின்றன, கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளைச் சேலையில் போட்டுத் தொங்கவிடுகிற கொக்கி. பெஞ்சு மேல் ஏறி, ஒரு சேலைக் கிழிசலால் கேமராவைத் தலைகீழாகக் கொக்கியில் கட்டினான்.

"நல்ல நேரம் போகுது, மாலை போட மாமன் எங்கடா?" என்று வெளியே யாரோ கேட்டார்கள்.

"மாமன் உத்திரத்துல!" என்றான் மாயாண்டி.

அவன் இறங்கி வந்ததும் எல்லாரும் பெட்டியைப் பார்த்தோம். பிள்ளை நேராக உட்கார்ந்திருந்தாள். காற்றில் கேமரா ஆட, பிள்ளையும் கொஞ்சம் ஆடினாள், அவ்வளவுதான். பெண்கள் குலவை போட்டோம். சுதாகரன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்ற பொன்னையாவை ஒரு பார்வை பார்த்தான்.

அப்போது போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மறுபடி. மறுபடி.

"தெரியலையாம்!" என்று மாயாண்டி கத்தினான். "நல்லா இருந்ததையும் கெடுத்துட்டான்!"

சுதாகரன் பெட்டியைத் தட்டினான், டொங்கலைக் கழற்றி ஊதினான், பென்குயினைத் தொட்டுக் கும்பிட்டான். மிஸ்கோல் நிற்கவில்லை. கடைசியில் போன் அடித்தது, நிற்காமல் அடித்தது. குவைத்திலிருந்து நிஜமான கோல். மாயாண்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டான்.

"யாருடா அது திருப்புனது?" அழகம்மாவின் சத்தத்தில் தொட்டில் கொக்கியே ஆடியது.

"அக்கா, இப்பத்தான் நேரா வச்சேன்..."

"ஒனக்கு நேருடா! மொதல்ல தலைகீழா வந்துச்சுன்னு நான் இங்க டிரைவரோட பெட்டியவே கவுத்துச் சுவத்துல சாச்சு வச்சிருக்கேன்! புள்ளைய ஆசையாப் பாத்துக்கிட்டு இருக்கேன், திடீர்னு தூக்கித் தொங்கவிட்டா நெஞ்சு நின்னுறாதா?"

 முதலில் சிரித்தவள் அம்மாக்கண்ணுதான்.

"சரிக்கா, சரிக்கா, நான் மறுபடி திருப்புறேன்" என்று சுதாகரன் பெஞ்சு மேல் தாவினான்.

"வேணாம், நானே பெட்டியத் திருப்பிட்டேன்" என்றாள் அழகம்மா.

அதற்குள் இவனும் திருப்பிவிட்டான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் திருப்பியதில் பிள்ளை மறுபடி தலைகீழ்.

"டேய்!"

"அக்கா!"

"நீ ஒன்னும் செய்யாத. கேக்குதா? ஒரு வயரையும் தொடாத. கையக் கழுவிட்டுப் போய் நீ தாய்மாமனா, புள்ளைக்கு மாலையப் போடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

சுதாகரன் இறங்கினான். கை கழுவினான். சீர்த் தட்டில் கிடந்து வாடத் தொடங்கியிருந்த மாலையை எடுத்துச் சர்மிளா கழுத்தில் போட்டான். பெட்டியில் எங்களுக்கு எல்லாம் தலைகீழாகத்தான் தெரிந்தது. மாலை பிள்ளையின் கழுத்திலிருந்து மேலே பறக்கிற மாதிரி இருந்தது. போனில் அழகம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சர்மிளா கேமராவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நல்லா இருக்கா?"

"இருக்குடி. ஒயரமாயிட்ட. கொண்டையில பூவ இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "கார் வந்துருச்சு" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சுதாகரன் ரோதமுனியிடம் போனான். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்காமல் எப்படி இருப்பது? பூசாரி விசாரித்தார்.

"தொட மாட்டேன்னு சொன்ன விண்டோஸத் தொட்டியா?"

"இல்லீங்க. வயரைத்தான் தொட்டேன்."

பூசாரி கண்ணை மூடிச் சாமியிடம் கேட்டார். சாமியும் சட்டம் தெரிந்தவர் போலிருக்கிறது. "வயரும் மெசின்தான். சேவல் கொண்டா" என்றார். சேவல் குழம்புச் சாப்பாட்டுக்குப் பொன்னையாவும் வந்து உட்கார்ந்து ரெண்டு தடவை சோறு வாங்கினான். அவன் எந்தச் சத்தியமும் செய்யாதவன், அவனுக்கு எந்தச் சாமியிடமும் செலவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் அழகம்மா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே சுதாகரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். கேமராவைத் திறந்து காட்டினான்.

"பாருக்கா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். நடுவுல இன்னொரு சாமான் போட்டேன். இப்ப நேரா வருது."

அழகம்மா திரையைப் பார்த்தாள். அதில் சர்மிளா நேராக நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். பிறகு அழகம்மா முகத்தைத் திருப்பி, அடுப்படியில் நிஜமாகவே நின்று தலை வாரிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"புள்ள இங்க நிக்கிறா. இப்ப எதுக்குடா சரி பண்ணுன?" என்றாள். "போய் அந்த சிடிய மறுபடி பீன்ஸ் கொடியில கட்டு. குருவி பூராத்தையும் தின்னுட்டுப் போகுது."